பயணச் சீட்டின் படத்தைப் பகிரும் முன்

விமான நிலையத்தில் அமர்ந்தபடி போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ பதிவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அதில் அச்சிடப்பட்டுள்ள ஆறு எழுத்து பி.என்.ஆர். குறியீடும் பயணியின் குடும்பப் பெயரும் கிடைத்தால், பல விமான நிறுவனங்களின் இணையதளத்தில் கடவுச்சொல் ஏதுமின்றி அந்த முன்பதிவுக்குள் எவரும் நுழைந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020 மார்ச்சில் இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட போர்டிங் பாஸ் படத்தைக் கொண்டே, அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது; நல்லவேளையாக, கண்டுபிடித்தவர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களுக்குத் தெரிவித்தார்.

பெயரையும் குறியீட்டையும் மறைத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அருகிலுள்ள பார்கோடிலும் அதே விவரங்கள் பொதிந்திருப்பதால், கைபேசிச் செயலி ஒன்றினால் அதை எளிதில் படித்துவிடலாம். கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்புக் கோடு இழுப்பதும் நம்பத்தக்கதன்று; அந்தக் கோடு ஓரளவு ஒளிபுகக்கூடியது என்பதால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்துகள் மீண்டும் தெரியக்கூடும். அப்பகுதியை முழுவதுமாக வெட்டி நீக்குவதே பாதுகாப்பானது.

நம் ரயில் சீட்டும் அப்படியே. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு வண்டி, பெட்டி, படுக்கை எண் ஆகியவற்றை எவரும் பார்க்கலாம் என்பதால், தனியாகப் பயணம் செய்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பயணப் படங்களை வீடு திரும்பிய பின் பகிர்ந்தால், வீடு பூட்டிக் கிடக்கும் செய்தியும் வெளியே போகாது.