நாய்க்கு முடி வெட்டும் கிளிப்பர் பிளேடு: எதை வாங்குவது, வீட்டிலேயே எப்படித் தீட்டுவது

எங்கள் மணி ஷிட்ஸு இனம். முடி நிற்காமல் வளரும். யாங்கோனில் சித்திரை வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை, மழைக்காலச் சேறு தொடங்கியதும் ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும். போன வருஷம் முதுகில் பாதி வெட்டும்போது பிளேடு முடியைக் கடித்து இழுத்துவிட்டது. வலி தாங்காமல் கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போனவன், சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை. அதன்பிறகு பிளேடுகளோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த எண் வாங்குவது?

பிளேடில் போட்டிருக்கும் எண் கூடக்கூட முடி குட்டையாகும். 10 என்றால் சுமார் 1.5 மி.மீ. முடி மிஞ்சும், 7 எஃப் 3.2 மி.மீ., 5 எஃப் 6.3 மி.மீ., 4 எஃப் 9.5 மி.மீ. இதெல்லாம் தோராய அளவு. முடி படிந்திருக்கும் திசையில் ஓட்டுவதைவிட எதிர்த்திசையில் ஓட்டினால் குட்டையாகிவிடும். 'எஃப்' போட்டதில் பற்கள் எல்லாம் ஒரே உயரம், வெட்டு வழவழப்பாக இருக்கும். அந்த எழுத்து இல்லாத 7, 5, 4 எண்களில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை. அந்த இடைவெளியில் தோல் மாட்டிக்கொள்ளும், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றை வாங்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் 10 ஒன்று, 5 எஃப் ஒன்று போதும். வயிறு, பாதத்தின் அடி, வால் கீழ்ப்பகுதிக்கு 10, உடம்புக்கு 5 எஃப். ஆன்டிஸ், ஓஸ்டர், வால் (Wahl) என்ற மூன்று கம்பெனிகளிலும் ஏ5 வகைப் பிளேடு, அதாவது கழற்றி மாட்டும் பிளேடு, ஒன்றுக்கொன்று பொருந்தும். கிளிப்பரை மட்டும் பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். இங்கே கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பாதி வெட்டிய நாயோடு இருட்டில் உட்கார முடியாது.

ஸ்பிட்ஸ் மாதிரி உள்முடி அடர்ந்த நாய்களை ஒட்ட வெட்டாதீர்கள். முடி பழையபடி வராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடலாம். அவற்றுக்குச் சீப்பே போதும்.

தீட்டுவதற்கு முன்

முனை மழுங்கிவிட்டது என்று நாம் நினைக்கும் பிளேடுகளில் பலவும் அழுக்கடைத்தவைதான். பிளேடின் மேலே ஓடும் சின்ன வெட்டும் தகட்டைப் பக்கவாட்டில் பாதி தள்ளி, அடியில் மாவு மாதிரி அடைந்திருக்கும் முடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் பற்களில் ஒரு சொட்டு, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு சொட்டு, பின்பக்கம் தகடு உரசும் இடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். வெட்டும் தகட்டை விரலால் தள்ளும்போது கொஞ்சம் இறுக்கம் தெரியவேண்டும். லொடலொடவென்று ஆடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அதற்கும் தீட்டலுக்கும் சம்பந்தமில்லை.

நாயைக் குளிப்பாட்டி, நன்றாகக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். முடியில் இருக்கும் மண்தான் பிளேடுக்கு முதல் எதிரி.

இத்தனைக்குப் பிறகும் முடி இழுபட்டால்தான் தீட்டவேண்டும்.

தீட்டுவது

பின்பக்கத்து இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் சீப்பு மாதிரி இருக்கும் அடித்தகடு, அதன்மேல் ஓடும் சின்ன வெட்டுத்தகடு, ஸ்பிரிங், கொக்கி எல்லாம் தனித்தனியாக வரும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடின் வெட்டுத்தகட்டை இன்னொன்றில் மாற்றிப் போடாதீர்கள்.

தீட்டவேண்டியது இரண்டு தகடும் ஒன்றையொன்று தொடும் முகத்தை மட்டும். பல் இடுக்கில் அரம் போடக்கூடாது.

நான் தவறியது இங்கேதான். வீட்டில் அருவாமனை தீட்டும் பழைய கல் இருக்கிறது. அதில், இங்கே முகத்தில் பூசுவதற்குத் தனக்கா கட்டையை உரைப்பதுபோல வட்டவட்டமாகத் தேய்த்தேன். முகம் கண்ணாடி மாதிரி மின்னியது, ஆனால் ஒரு முடிகூட வெட்டவில்லை. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. வருஷக்கணக்கில் கத்தி தீட்டியதில் கல்லின் நடு குழிந்துபோயிருந்தது. குழிந்த கல்லில் தேய்த்தால் தகடு குவிந்துவிடும், நடு முட்டி நிற்கும், பல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது. சரியான பிளேடில் இதற்கு நேர்மாறு: நடுவே மயிரிழைக் குழிவு, பல் நுனியும் பின் ஓரமும் மட்டும் உரசும்.

ஆகவே கல் வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாளை ஒட்டிவையுங்கள், முதலில் 400 எண் தாள், அப்புறம் 1000. தகட்டின் முகம் முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். சீராக அழுத்தி, பற்கள் பின்னால் வரும்படி ஒரே திசையில் பத்துமுறை இழுங்கள். திருப்பிப் பாருங்கள். பல் நுனியிலும் பின் ஓரத்திலும் மை போய், நடுவில் மை மிஞ்சியிருந்தால் சரி. நுனியில் மை அப்படியே இருந்தால் இன்னும் இழுக்கவேண்டும். ஒரு மூலையில் மட்டும் மை நின்றால் உங்கள் விரல் ஒருபக்கம் சாய்கிறது. நடுவில் இருக்கும் மையும் போகும்வரை தேய்த்துவிடாதீர்கள், அந்தக் குழிவு போனால் சாணைக்காரரின் சுழல்தட்டில்தான் திரும்பக் கிடைக்கும்.

கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். ஈரப் பஞ்சை வெட்டிப் பாருங்கள். இழுக்காமல் வெட்டினால் நாயிடம் போகலாம். வெட்டும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். அம்மா தனக்கா உரைக்கும் கல் எப்போதும் ஜில்லென்று இருக்கும், சூடேறிய பிளேடை அதன்மேல்தான் வைக்கிறேன்.

பின்சேர்க்கை: மோல்மேனிலிருந்து ஒருவர், வெட்டுத்தகடு வெள்ளையாக இருக்கிறது, உப்புத்தாள் ஏறவில்லை என்று கேட்டிருந்தார். அது செராமிக். சூடு குறைவாக ஏறும், கீழே விழுந்தால் உடையும், வைரத்தூள் பதித்த தட்டு இல்லாமல் தேயாது. அதற்குப் புதுத் தகடு மாற்றுவதே நல்லது. இன்னொருவரின் பிளேடு ஒரே மழையில் துருப்பிடித்துவிட்டதாம். வெட்டி முடித்த அன்றே துடைத்து, எண்ணெய் தடவி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களை அதற்காகவே சேர்த்துவைக்கிறேன்.