அந்த 'டொக்' சத்தம்

போன சனிக்கிழமை, பயிற்சிக்கு வரும் பையன் ஒருவன் .22 கைத்துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துக்கொண்டிருந்தான். டொக், டொக். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்டையார்பேட்டை மொட்டைமாடி அறையில் ஒரு மழைக்காலம் முழுவதும் அதே சத்தத்தை எழுப்பியவன் நான்.

வெற்று டிரிகர்

.22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அடி விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்துப் பற்றவைக்கும் ஊசி) ஓரத்தில்தான் அடிக்கும். தோட்டா இருந்தால் பித்தளை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால், ஊசியைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத துப்பாக்கியில் எஃகின் மேல் எஃகு விழுகிறது. ஊசி மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாயில் பிசிறு எழும்பினால்? சேம்பர் துப்பாக்கிக் குழலோடு சேர்ந்தது.

எனக்கு அது போட்டியில்தான் தெரிந்தது. ஸ்டாண்டர்டு பிஸ்டல் பிரிவில் 150 நொடிக்குள், 20 நொடிக்குள் சுட வேண்டிய தொடர்கள் ஒழுங்காக முடிந்தன. 10 நொடித் தொடரில் மூன்றாவது தோட்டா பாதி நுழைந்து நின்றுவிட்டது. தோட்டா அடுக்கும் மேகசினைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து பல்குத்தும் குச்சியால் சேம்பர் வாயைத் தடவினால், ஊசி அடிக்கும் இடத்தில் மட்டும் தடுக்கியது.

பழைய வண்ணாரப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா, "கொண்டு வா, அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துத் தருகிறேன்" என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. அரம் உலோகத்தைத் தின்றுவிடும். பிசிறை அதற்கான கருவியால் பழைய இடத்துக்கே தள்ள வேண்டும். துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். எனக்குப் பிசிறு முற்றிப் போயிருந்தது, குழலையே மாற்றினேன். எவ்வளவு ஆயிற்று என்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

துப்பாக்கியோடு வரும் கையேட்டில் வெற்றுப் பயிற்சி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டாலும் அதன் விளிம்பு நசுங்கும். அவ்வப்போது திருப்பி வைத்து, பிறகு தூக்கியெறியுங்கள்.

ரீகாயில் ஸ்பிரிங்

சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) முன்னால் தள்ளும் சுருள்கம்பி இது. உடையும்வரை காத்திருக்காதீர்கள். அது உடைவதற்கு முன்பே தளர்ந்து குறுகிவிடும். ஸ்லைடு ஒவ்வொரு முறையும் பின்னால் போய்ப் பலமாக மோதும். புதியதைப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள்.

மேகசின்

கீழே போட்டால் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடு நெளியும். போடாதீர்கள்.

எண்ணெய்

காசிமேட்டுக் கடற்காற்றுக்கு வெளிப்புறம் மெல்லிய பூச்சு வேண்டும். அதற்காக உள்ளேயும் ஊற்றினால், .22 குண்டின் மெழுகும் கரியும் குழைந்து சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் களிம்பாகிவிடும்.

பையனின் துப்பாக்கியை வாங்கிக் குச்சியால் தடவிப் பார்த்தேன். லேசாகத் தடுக்கிறது.