கிரேக்க மரக்கப்பலைப் பார்த்ததும் இனம் சொல்வது எப்படி

சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் லீவு கிடைத்தால் பக்கத்திலிருக்கும் எயினா தீவுக்குப் போய்விடுவேன். அங்கே கரையோரம் நிற்கும் மரப்படகுகள் எல்லாவற்றையும் பொதுவாக 'கைக்கி' என்பார்கள். அந்தப் பெயரோடு நின்றுவிடாதீர்கள்; அதற்குள் பல இனங்கள் இருக்கின்றன.

முதலில் பாயை மறந்துவிடுங்கள். ஒரே உடலில் வெவ்வேறு பாய் கட்டுவார்கள். இன்ஜின் வந்தபிறகு பலவற்றில் பாயே இல்லை. உடலைத்தான் பார்க்கவேண்டும், அதுவும் பக்கவாட்டில் நின்று.

முன்னும் பின்னும் கூராக, முன்முனை வெளிப்பக்கம் வளைந்திருந்தால் திரெஹந்திரி. அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் இருக்கும். மீன்பிடிக்கவும் கடற்பஞ்சு எடுக்கவும் உழைத்த படகு இதுதான். எனக்குப் பிடித்ததும் இதுவே.

பின்பக்கம் கூர்தான், ஆனால் முன்முனைக் கட்டை நேராகச் சாய்ந்து, பக்கச்சுவர் அதைத் தொடுவதற்கு முன்பே ஒரு தட்டைப் பலகையில் முடிகிறதா? அது பேரமா. சரக்கு ஏற்றியது. முன்பக்கம் உள்வளைந்து நீண்டிருந்தால் கரவோஸ்காரோ. பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்தால் வர்கலாஸ்.

அப்புறம், இத்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா என்ற கிரேக்கத் தீவுகளின் வணிகக் கப்பல்கள்தான், ஒட்டோமான் (துருக்கிய) ஆட்சியை எதிர்த்த 1821 கிரேக்கப் புரட்சியில் போர்க்கப்பல்களாக மாறின. 1822 ஜூனில் கியோஸ் தீவருகே ஒட்டோமான் கடற்படையின் தலைமைக் கப்பலை எரித்த கனாரிஸ், ப்சாராக்காரர்.

நல்ல மாதிரிகளைத் தேடுவதானால் சீக்கிரம் கிளம்புங்கள். மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஐரோப்பிய ஒன்றியம் மானியம் தந்த திட்டத்தில் ஆயிரக்கணக்கான படகுகளை உடைத்துவிட்டார்கள். அருமையான கைவேலை, புல்டோசருக்குப் போனது.