போகிமான் கார்ட்ல எவோல்வ் பண்றது எப்பிடி, எப்ப ஏலாது

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் பொடியன்மார் போகிமான் கார்ட் விளையாடுற நேரம் வாற சண்டையில பாதி இந்த எவோல்வ், அதாவது ஒரு போகிமான அதோட அடுத்த வடிவத்துக்கு மாத்துற விஷயத்துலதான். கார்ட் சேர்க்கிறதுக்கு மட்டும் வாங்கினவங்க கையில சாரிசார்ட் வந்த உடனே நேரா மேசையில இறக்கப் பாப்பாங்க, அது ஏலாது.

கார்டோட மேல் மூலையில பேசிக், ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 எண்டு போட்டிருக்கும். நேரா இறக்க ஏலுமானது பேசிக் மட்டும்தான். சார்மாண்டர் பேசிக், அதுக்கு மேல சார்மிலியன், அதுக்கு மேலதான் சாரிசார்ட், பழைய கார்ட எடுக்காம அதுக்கு மேலேயே புதுச வைக்கணும்.

இப்ப சண்டை வாற இடம். மேசைக்கு வந்த அதே டேர்ன்ல ஒரு போகிமான எவோல்வ் பண்ண ஏலாது. உங்கட முதல் டேர்ன்லயும் ஏலாது, ஆட்டம் தொடங்க முந்தியே வச்ச சார்மாண்டர் எண்டாலும் சரி, நீங்க ரெண்டாவதா விளையாடினாலும் சரி. சார்மிலியன் வச்ச கையோட அதே டேர்ன்ல சாரிசார்டும் வைக்க ஏலாது, ஒரு போகிமானுக்கு டேர்னுக்கு ஒரு தடவைதான். ஆனா போன டேர்ன்லேருந்தே பெஞ்ச்ல, அதாவது பின்னால காத்திருக்கிற வரிசையில மூணு சார்மாண்டர் இருந்தா மூணையும் ஒண்டா மாத்தலாம், சில பேர் டேர்னுக்கு ஒரு எனர்ஜி கார்ட்தான் (அடிக்கத் தேவையான கார்ட்) மாட்டலாம் எண்ட ரூலோட இத குழப்பிட்டு டேர்னுக்கு ஒண்டுதான் எண்டு அடம்பிடிப்பாங்க, அது பிழை.

மாத்தினா எனர்ஜி, மாட்டின டூல் கார்ட், வாங்கின டேமேஜ் எல்லாம் அப்பிடியே நிக்கும். 60 டேமேஜோட இருந்தது 330 எச்பி (உயிர்ப் புள்ளி) சாரிசார்ட் ஈஎக்ஸ் ஆனா மிச்சம் 270. தூக்கம், விஷம், பாரலைஸ் எல்லாம் போயிரும், அதனால ஆக்டிவ்ல, அதாவது முன்னால சண்டை பிடிக்கிற இடத்துல பாரலைஸ் ஆகிக் கிடக்கிறத எவோல்வ் பண்ணி, எனர்ஜி இருந்தா அதே டேர்ன்லயே அடிக்கலாம். எனக்கு இந்த ரூல்தான் ஆகப் பிடிச்சது.

ரேர் கேண்டி எண்ட ஐட்டம் கார்ட் இருந்தா பேசிக்லேருந்து ஸ்டேஜ் 2க்கு நேரா தாவலாம், ஆனா அதுக்கும் முதல் டேர்ன் தடை, அப்ப இறக்கின பேசிக்குக்கும் தடை. 2023ல ஒப்சிடியன் ஃபிளேம்ஸ் செட்ல வந்த சாரிசார்ட் ஈஎக்ஸ் கையிலேருந்து எவோல்வ் ஆகும்போது டெக்லேருந்து 3 ஃபயர் எனர்ஜி வரைக்கும் எடுத்து மாட்ட விடும், ரேர் கேண்டியில வச்சாலும் அது வேலை செய்யும்.

பேரை நல்லாப் பாருங்க. எந்த செட் சார்மாண்டர் எண்டாலும் பிரச்சினையில்ல, ஆனா சில போகிமானுக்கு அலோலன் எண்டு வேற வகை இருக்கு, அலோலன் மக் அலோலன் கிரைமர் மேலதான் வரும், சாதா கிரைமர் மேல வராது. ஆனா அலோலன் ராய்ச்சு சாதா பிகாச்சுலேருந்து வரும், ஏன் எண்டு கேக்காதீங்க, கார்ட்ல அப்பிடித்தான் இருக்கு.

டெக் கட்டுறப்போ சார்மாண்டர கூட வைங்க, ரேர் கேண்டி 4 இருந்தா சார்மிலியன் ஒண்டு ரெண்டு போதும். அதையும் எடுத்துப் போட்டுடாதீங்க, எதிர்ல இருக்கிறவர் ஐட்டம் போட ஏலாம பூட்டிட்டார் எண்டா ரேர் கேண்டி நாலும் கையில சும்மாதான் கிடக்கும்.