கிரிக்கெட் கண்ணால் பேஸ்பால் பேட் வாங்காதீர்கள்

நியூ ஜெர்ஸியில் எங்கள் ஊரில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் லிட்டில் லீக்கில் உதவிக் கோச்சாக இருக்கிறேன். மார்ச் மாதம் பயிற்சி தொடங்கும்போது தமிழ், தெலுங்கு, குஜராத்தி அப்பாக்கள் புதிதாக வந்து சேருவார்கள். எல்லோரும் தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். பேட் நமக்குத் தெரியாததா என்று கடைக்குப் போவார்கள். ஒரு காலத்தில் நான் எதையெல்லாம் தப்பாக வாங்கினேனோ, அதையே இன்னும் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

பக்கத்தில் ஆள் நிற்கும்போது பேட்டைச் சுழற்றக் கூடாது, மரப் பேட்டை மழையில் போட்டு வைக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முத்திரையைப் பார்க்காமல் வாங்குவது

வருடா வருடம் பார்த்தும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

கிரிக்கெட் பேட்டில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் விளம்பரம். அதைக் கிழித்துப் போட்டாலும் ஆடலாம். பேஸ்பாலில் அலுமினியம் அல்லது காம்போசிட் (இழைகளை இறுக்கிச் செய்தது) பேட் என்றால், அதன் மேல் சின்னதாக அச்சிட்டிருக்கும் முத்திரைதான் அந்த பேட் எந்த ஆட்டத்துக்குள் நுழையலாம் என்று முடிவு செய்கிறது. சிறுவர்கள், பள்ளி மாணவர்கள் விஷயத்தில் மூன்று முத்திரைகள் முக்கியம்.

முதலாவது, ‘யு.எஸ்.ஏ. பேஸ்பால்’ முத்திரை. 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீக், போனி, பேப் ரூத் லீக் போன்றவை ஏற்றுக்கொண்ட தரம் இது. அடி வேகம் மரப் பேட்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பேரலின், அதாவது பந்து படும் பருத்த பகுதியின், விட்டம் 2⅝ அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. மைதானத்தில் எல்லோரும் ‘யூ-ட்ரிப்’ என்பார்கள். வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம் போட்டிகளுக்கானது. முத்திரையில் 1.15 என்று போட்டிருக்கும். பேரல் 2¾ அங்குலம் வரை பருமனாக இருக்கலாம். பந்து இதிலிருந்து இன்னும் வேகமாகப் பறக்கும்.

மூன்றாவது பிபிகோர். கல்லூரி ஆட்டத்தில் 2011-லும் உயர்நிலைப் பள்ளிகளில் 2012-லும் கட்டாயமானது. அங்குலத்தில் நீளம், அவுன்சில் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3-ஐத் தாண்டக் கூடாது. அதாவது 32 அங்குல பேட் 29 அவுன்சுக்குக் குறையக் கூடாது.

ஏன் இத்தனை கெடுபிடி? மரப் பேட்டில் அடிக்கும்போது பந்துதான் நசுங்குகிறது. அந்த நசுங்கலில் நிறைய ஆற்றல் வீணாகிறது. உள்ளே வெற்றாக இருக்கும் அலுமினியம், காம்போசிட் பேட்டுகளில் பேரலின் மெல்லிய சுவரும் சற்று உள்வாங்கித் திரும்ப உதைக்கும். பந்து அவ்வளவாக நசுங்காது, வேகம் கூடும். இதை டிராம்போலின் விளைவு என்கிறார்கள். காம்போசிட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அடிக்க அடிக்க உள்ளிருக்கும் இழைகள் தளர்ந்து சுவர் இன்னும் இளகும். சோதனைக் கூடத்தில் புதிதாக இருந்தபோது தேர்ச்சி பெற்ற பேட், சில மாதங்களில் வரம்பைத் தாண்டி அடிக்க ஆரம்பித்துவிடும். பழைய தரத்தைக் கைவிட்டுக் கல்லூரிகள் பிபிகோருக்கு மாற இது ஒரு முக்கியக் காரணம். அந்த மாற்றத்துக்குப் பிறகு கல்லூரி ஆட்டங்களில் ஹோம் ரன்கள் (நம்ம சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடிகள்) வெகுவாகக் குறைந்தன. எதிரே சுமார் 46 அடி தூரத்தில் நின்று பந்து வீசுகிறவன் பத்து வயதுப் பையன் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கெடுபிடி பெரிதாகத் தெரியாது.

ஒரு ஏப்ரல் சனிக்கிழமை, சீசனின் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் பேட்டுகளை வேலியோரம் வரிசையாகச் சாய்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பையன் ஒருவனுடைய புது காம்போசிட் பேட்டை எடுத்தார், முத்திரையைப் படித்தார், பேசாமல் வேலிக்கு வெளியே வைத்துவிட்டார். யூ-ட்ரிப் பேட். விலை 350 டாலருக்கு மேல். பையனின் அப்பா என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணா, எல்லா லீக்குக்கும் சரின்னு கடையிலே சொன்னாங்களே?”

“கடையிலே சொல்வாங்க தம்பி. நீங்க எந்த லீக்னு கேட்டாங்களா?”

கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். சுவரில் தொங்குவதில் பளபளப்பானதும் விலை கூடியதும் பெரும்பாலும் யூ-ட்ரிப் பேட்டுகள்தான். சத்தம் கணீரென்று இருக்கும், பேரல் பருமனாக இருக்கும், பையனின் கண் அங்கேதான் போகும். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து நாலு பந்து அடித்துவிட்டால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பையன் அன்றைக்கு டீம் பையில் கிடந்த பழைய அலுமினிய பேட்டோடுதான் ஆடினான். அவன் அப்பா அந்த யூ-ட்ரிப் பேட்டைப் பாதி விலைக்கு யாருக்கோ விற்றார். அவர் படித்தவர், சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர். பத்து டாலர் சார்ஜர் வாங்கினாலும் வோல்டேஜ் பார்த்து வாங்குகிற மனிதர். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லிட்டில் லீக்கில் நடந்ததாவது பரவாயில்லை. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் விதிக்குப் புறம்பான பேட்டோடு பேட்டர் பெட்டிக்குள் காலை வைத்தாலே பையன் அவுட். கோச்சுக்கும் தண்டனை உண்டு. ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகருக்குக் குடி போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் உலோக பேட்டுக்கே 2007-இல் அந்த மாநகர சபை தடை போட்டது.

கடைக்குப் போகும் முன் லீக்கின் விதிப் பக்கத்தைப் படியுங்கள், இல்லையென்றால் கோச்சுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பையன் ஊர் லீக், டிராவல் டீம் இரண்டிலும் ஆடுகிறான் என்றால் யு.எஸ்.ஏ. முத்திரை பேட் ஒன்றே போதும். யூ-ட்ரிப் போட்டியில் அதை அனுமதிப்பார்கள். யூ-ட்ரிப் பேட்டை லிட்டில் லீக்கில் அனுமதிக்க மாட்டார்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள், தாங்கியில் வைத்த பந்தை அடித்து ஆடும் டீ-பாலுக்கான பேட்டுக்குத் தனி முத்திரை உண்டு. 26 அங்குலமும் அதற்குக் குறைந்ததும் அந்த வகை. அதைக் கொண்டு நிஜப் பந்தை அடித்தால் பேட் நசுங்கும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஒரே கட்டையில் கடைந்த மரப் பேட் வாங்குங்கள். லிட்டில் லீக்கில் அதற்கு முத்திரையே தேவையில்லை. விலையும் பெரும்பாலும் நூறு டாலருக்குள் முடிந்துவிடும்.

வளருகிற பிள்ளை என்று பெரிதாக வாங்குவது

பள்ளிச் சீருடையை இரண்டு விரற்கடை கூடுதலாகத் தைக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் 28 அங்குலம் போதுமான பையனுக்கு 31 அங்குல பேட் வருகிறது. பையன் பேட்டைச் சுழற்றுவதில்லை, பேட் பையனைச் சுழற்றுகிறது. பந்து கடந்து போன பிறகு பேட் வந்து சேரும். அதைச் சரிக்கட்ட அவன் தோளைத் தாழ்த்தி, முழங்கையை வளைத்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்வான். அடுத்த வருடம் பேட் அளவாகிவிடும், பழக்கம் போகாது. அதை மாற்ற எங்களுக்கு ஒரு சீசன் போய்விடுகிறது.

எடையை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். ஒரே நீளம், ஒரே அவுன்ஸ் உள்ள இரண்டு பேட்டில் ஒன்று நுனி கனத்தும் இன்னொன்று எடை கைப்பக்கம் ஒதுங்கியும் இருக்கும். சுழற்றும்போது முதலாவது மிகக் கனமாகத் தெரியும். ஆகவே பையனைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சுழற்ற வையுங்கள். அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத் 40 அவுன்சுக்கு மேலான பேட்டை எல்லாம் சுழற்றினார் என்று கதை சொல்வார்கள், உண்மைதான். இன்றைய தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் 31 முதல் 33 அவுன்சுக்குள் நிற்கிறார்கள். பேட்டின் வேகம் முக்கியம் என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

புது பேட்டை ‘நாக்’ பண்ணுவது

வில்லோ மென்மையான மரம். கிரிக்கெட் பேட்டை எண்ணெய் தடவி, மர சுத்தியலால் தட்டித் தட்டி முகத்தை இறுக்கினால்தான் தாங்கும். அந்த ஞாபகத்தில் ஒரு அப்பா காம்போசிட் பேட்டைக் கராஜில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பேரலில் மயிரிழை போல விரிசல் விழுந்தது. உற்பத்தி நிறுவனம் வாரண்டி தராது, தரவும் வேண்டியதில்லை.

காம்போசிட் பேட்டும் பழக வேண்டும்தான். பந்தை வைத்தே பழக்குங்கள். ‘டீ’ என்னும் தாங்கியில் பந்து வைத்து முதலில் பாதி வேகத்தில், ஒவ்வோர் அடிக்கும் பேட்டைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வேகத்தைக் கூட்டலாம். உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டி ‘சூடேற்றித் தருகிறோம்’ என்று இணையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அது பேட்டை மாற்றி அமைப்பது, விதிப்படி குற்றம். உள்சுவரைச் சுரண்டித் தருபவர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். அடி வாங்கப் போகிறவன் வேறொருவர் வீட்டுப் பையன்.

பேட்டிங் கேஜில் இயந்திரம் வீசும் குழிவிழுந்த மஞ்சள் பந்துகள் தோல் பந்தைவிடக் கெட்டி, அவை காம்போசிட்டைத் தின்றுவிடும். கேஜுக்குப் பழைய அலுமினிய பேட் போதும். குளிர் இன்னும் மோசம். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காம்போசிட் பேட்டால் அடிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நியூ ஜெர்ஸியில் மார்ச் மாதப் பயிற்சி என்றால் பாதி நாள் அதற்குக் கீழேதான்.

மரப் பேட்டில் லேபிளை மறப்பது

உருண்டைதானே, எந்தப் பக்கம் அடித்தால் என்ன என்று கேட்பார்கள். மரத்தின் ரேகைக்கு அது தெரியும். லேபிள் வானத்தையோ தரையையோ பார்க்க வேண்டும். லேபிளில் பந்து பட்டால் ஆஷ் மரம் அடுக்கடுக்காகப் பிரியும், மேப்பிள் வெடித்துத் தெறிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஷ் பேட்டில் ரேகைகள் நெருக்கமாகக் கோடு கோடாகத் தெரியும் விளிம்புப் பக்கத்தில் பந்து படுவது நல்லது. மேப்பிளுக்கு நேர்மாறு, ரேகை அகலமாக விரிந்து தெரியும் பக்கத்தில் படவேண்டும். தொழில்முறை வீரர் பேரி பாண்ட்ஸ் 2001-இல் மேப்பிள் பேட்டோடு 73 ஹோம் ரன் அடித்த பிறகு மேப்பிளுக்கு மவுசு கூடியது. கூடவே பேட்டுகள் ஈட்டி போல உடைந்து பறப்பதும் கூடியது. 2008-இல் மேஜர் லீக் (தொழில்முறை ஆட்டத்தின் உச்ச லீக்) உடைந்த பேட்டுகளைச் சேகரித்து ஆராய்ந்தது. அதன் பின் மேப்பிள் பேட்டுகளில் லேபிளையே கால் சுற்று திருப்பி ஒட்டினார்கள். ஆகவே எந்த மரமானாலும் ஆடுகிறவனுக்கு விதி ஒன்றுதான். கைப்பிடியில் ஒரு சொட்டு மைப்புள்ளி வைக்கும் முறையும் அந்த ஆய்வில் வந்தது. மை ரேகையோடு ஊறி ஓடும். அந்தக் கோடு பேட்டின் நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தொழில்முறை ஆட்டத்துக்கு ஆகாது. மைப்புள்ளி வைத்த மேப்பிள் கிடைத்தால் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஆஷ் தேடி அலையவும் வேண்டாம். 2002-இல் மிஷிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு அந்த மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது.

சாஃப்ட்பால் பேட்டை எடுத்து வருவது

சாஃப்ட்பால் வேறு ஆட்டம், வேறு பந்து. அந்த பேட்டால் பேஸ்பாலை அடித்தால் பேரல் நசுங்கும். அம்பயரும் விட மாட்டார்.

உள்ளே கார்க் அடைப்பது

யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். பேட் இலகுவாகிச் சுழற்சி வேகம் கூடும். மோதும் எடை குறைவதால் கூடியது போய்விடும். பந்து அதிக தூரம் போவதில்லை என்று இயற்பியலாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். கார்க் அடைத்த பேட்டோடு பிடிபட்ட மேஜர் லீக் வீரர் சாமி சோசாவுக்கு 2003-இல் தடை மட்டும்தான் கிடைத்தது.

கைப்பிடி முழுக்கப் பிசின் பூசுவது

பிடிமானத்துக்குப் பைன் தார் பூசலாம், மேஜர் லீக் விதிப்படி கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலம் வரை. 1983 ஜூலை 24 அன்று யாங்கி மைதானத்தில் கன்சாஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். எதிரணியான நியூயார்க் யாங்கிஸின் மேனேஜர் பில்லி மார்ட்டின் பேட்டைக் காட்டி முறையிட்டார். அம்பயர்கள் பேட்டை 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின் மேல் கிடத்தி அளந்து அவுட் கொடுத்தார்கள். பிரெட் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து பாய்ந்து வந்த கோலத்தை இன்றும் வீடியோவில் பார்க்கலாம், சிரிப்பு வரும். பிறகு லீக் தலைவர் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய, ஆட்டம் ஆகஸ்ட் 18 அன்று விட்ட இடத்திலிருந்து நடந்தது. பிசின் பூசுவதால் பந்து கூடுதல் தூரம் போய்விடாது. பந்து அழுக்காகி வீணாகும் என்பதுதான் அந்த விதிக்குக் காரணம். உங்கள் பையனுக்குப் பிடி வழுக்கினால் பழைய கிரிப் டேப்பை உரித்துவிட்டுப் புதிது சுற்றுங்கள்.

டார்ப்பிடோ பேட் கேட்பது

2025 மார்ச்சில் யாங்கிஸ் ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்ததிலிருந்து வந்த ஜுரம். எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்த ஆரன் லீன்ஹார்ட் என்பவரின் யோசனை அது. நுனியில் இருக்கும் பருமனைக் கொஞ்சம் கைப்பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். பேட்டில் பந்து எங்கே படுகிறது என்று அளந்து வைத்திருக்கும் வீரனுக்கு அது பயன்படும். அன்று மூன்று ஹோம் ரன் அடித்த யாங்கிஸ் வீரர் ஆரன் ஜட்ஜ் தன் வழக்கமான பேட்டைத்தான் வைத்திருந்தார். பத்து வயதுப் பையனுக்குப் பந்து பேட்டின் எல்லா இடத்திலும் படும், சில நாள் படவே படாது.

பழைய பேட் வாங்கும்போது குலுக்கிப் பார்க்காதது

காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் வேண்டாம், உயர்நிலைப் பள்ளி விதிப்படி சத்தம் வந்தாலே அந்த பேட் செல்லாது. பேரலை நகத்தால் சுற்றித் தடவி விரிசல் தட்டுகிறதா பாருங்கள். நுனி மூடியைச் சுற்றிப் பசை புதிதாகப் பளபளத்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முத்திரை அழிந்து படிக்க முடியாமல் இருந்தால் இருபது டாலருக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.