அமைப்புகளை வகைப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய சாலையோ, பூங்காவோ, நலத்திட்டமோ, எதற்காக மக்களிடம் கருத்துக் கேட்கப் போனாலும் முதல் வேலை அந்தப் பகுதி அமைப்புகளின் பட்டியலைத் தயாரிப்பதுதான். பெயர், தொடர்பு எண், வகை என்று எக்செலில் மூன்று பத்திகள். முதல் இரண்டுக்கும் அலைந்து திரிகிறவர்கள், மூன்றாவதை உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிவிடுகிறார்கள். யாருக்கு அழைப்பு போகும், யார் விடுபடுவார்கள் என்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது பத்தியில்தான் முடிவாகிறது.

பெயரைப் பார்த்து வகை போடுவது எல்லோரும் செய்யும் தவறு. இளைஞர் மன்றம் என்று பெயர் இருக்கும், தொடங்கியவர்களே இன்னும் நிர்வாகிகளாக இருப்பார்கள், அவர்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். குடியிருப்போர் சங்கம் என்பார்கள், விதிமுறையைப் புரட்டினால் வீட்டு உரிமையாளருக்கு மட்டும்தான் ஓட்டு, வாடகைக்கு இருப்பவர் உறுப்பினராகவே முடியாது. யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு, போன வருடம் என்ன செய்தார்கள் என்று கேட்டுவிட்டு வகை போடலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒரு பிரிவினருக்குச் சேவை செய்யும் அமைப்பை, அந்தப் பிரிவினரின் குரலாகவே எடுத்துக்கொள்வது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிறர் நடத்தும் தொண்டு நிறுவனமும், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சங்கமும் பட்டியலில் ஒரே வகையாக நிற்கும். அலுவலகம், ஊழியர், மின்னஞ்சல் எல்லாம் இருப்பதால் முதலாவதைத் தொடர்புகொள்வது சுலபம், அதனால் அதுதான் கூட்டத்துக்கு வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய பிரதிநிதித்துவ அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையின் குழு 2018இல் வெளியிட்ட விளக்கக் குறிப்பு இந்த இரண்டு வகைகளையும் தெளிவாகப் பிரிக்கிறது: தலைமையும் நிர்வாகமும் மாற்றுத்திறனாளிகள் கையில் இருக்க வேண்டும், உறுப்பினர்களிலும் அவர்களே தெளிவான பெரும்பான்மையாக இருக்க வேண்டும், அதுதான் பிரதிநிதித்துவ அமைப்பு. முதியோர், புலம்பெயர்ந்தோர், வீடற்றோர் என்று யாருக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். சேவை அமைப்பு வேண்டாம் என்பதல்ல. அதற்கு நடைமுறைச் சிக்கல்கள் தெரியும். ஆனால் அது சொல்வது சேவை தருபவரின் கருத்து.

அடுத்தது, வேறு வேலைக்காகச் செய்த வகைப்பாட்டை அப்படியே கடன் வாங்குவது. லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சர்வதேச வகைப்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் உருவானது. பண்பாடு, கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல், சமயம் என்று 12 பெரும் பிரிவுகள். முதன்மையான பணி எதுவோ அதை வைத்து ஒவ்வொரு அமைப்பும் ஒரு பிரிவில் விழும். புள்ளிவிவரத்துக்கு அது சரி, ஒன்றை இரண்டு முறை எண்ணக் கூடாது. மக்களைச் சந்திக்கப் போகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு? வாரம் இருமுறை முதியவர்களுக்கு உணவு கொடுக்கும் வழிபாட்டுத் தலம் அந்த வகைப்பாட்டில் சமயம். உங்களுக்கோ வீட்டைவிட்டு அதிகம் வெளிவராத முதியவர்களைச் சந்திக்கும் வழி. அதனால் வகை என்ற ஒற்றைப் பத்தியை உடைத்துவிடுங்கள். என்ன செய்கிறார்கள், யாரைச் சென்றடைகிறார்கள், யார் நடத்துகிறார்கள், இந்த முடிவு அவர்களை எப்படிப் பாதிக்கும் என்று தனித்தனிப் பத்திகள் வரட்டும். ஒரே அமைப்பு பல அடையாளங்களுடன் இருந்தால் குழப்பம் ஒன்றும் வராது, வடிகட்டித் தேடத்தான் எக்செல் இருக்கிறதே.

அதிகாரம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம் என்று நான்கு கட்டம் போட்டு அமைப்புகளை அடைக்கும் முறை பயிற்சி வகுப்புகளில் பிரபலம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பல நேரம் அதிகாரமில்லாத கட்டத்தில்தான் விழுவார்கள், அந்தக் கட்டத்துக்கு உரியது ‘தகவல் சொன்னால் போதும்’ என்ற பரிந்துரை. சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய 1998ஆம் ஆண்டு ஆர்ஹஸ் உடன்படிக்கை, முடிவால் பாதிக்கப்படுபவர், பாதிக்கப்படக்கூடியவர், அதில் அக்கறை உள்ளவர் என்றுதான் சம்பந்தப்பட்ட மக்களை வரையறுக்கிறது. அதிகாரம் அங்கே அளவுகோலே இல்லை.

பட்டியலை ஒருமுறை மூடிவிட்டால் திறக்காமலே இருப்பதும் நடக்கிறது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல், வளர்ச்சி மாநாடு, முடிவுகளில் பங்கேற்க வேண்டியவர்களாகப் பெண்கள், இளையோர், பழங்குடிகள், விவசாயிகள், தொழிலாளர்கள் உட்பட 9 பெரும் குழுக்களை அடையாளம் கண்டது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அதில் தனிக் குழுவாக இல்லை. 2012இல் அதே நகரில் கூடியபோது அவர்களையும் புலம்பெயர்ந்தோரையும் ‘பிற பங்குதாரர்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் பட்டியலில் ‘இதர’ என்ற வகை வீங்கிக்கொண்டே போனால், அதற்குள் பெயர் வைக்காத ஒரு வகை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பதிவு எண் இல்லாத குழுக்களை விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் மட்டுமே இயங்கும் பெற்றோர் குழு, பதிவு பெற்ற சங்கத்தைவிட அதிகம் பேரை ஒரே மாலையில் திரட்டிவிடும்.

‘எதிர்ப்பாளர்’, ‘தொல்லை தருபவர்’ போன்ற குறிப்புகளைப் பட்டியலில் எழுதவே வேண்டாம். ஒரு திட்டத்தை எதிர்த்தவர்கள் அடுத்ததை ஆதரிக்கலாம், குறிப்போ அப்படியே தங்கிவிடும். என்றாவது அவர்கள் கண்ணிலும் படும். எந்தத் திட்டத்தில், எந்தத் தேதியில், என்ன ஆட்சேபம் சொன்னார்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். தகவலைக் கடைசியாகச் சரிபார்த்த தேதிக்கும் ஒரு பத்தி வேண்டும், நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சரிபார்ப்புக்குச் சுலபமான வழி, ஒவ்வொரு அமைப்புக்கும் அதைப் பற்றிய வரியை அனுப்பி, இது சரிதானா என்று கேட்பது.