வேப்பிலை செருகுவதற்கு முன்

அரிசி ஆலையில் 31 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன் நான். உடம்பையும் பேரேட்டில் ஏற்றினால்தான் எனக்குப் பிடிபடும். ஆகவே தோல் திடீரெனச் சிவந்து எரிந்தால் களிம்பைத் தேடாதீர்கள்; முதலில் தேதியும் நேரமும் எழுதுங்கள்.

எனக்கு வந்தது உடல் முழுதும் பரவும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ். அரிதான வகை. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் உதிரும் வழக்கமான சொரியாசிஸ்தான் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொட்டலப் பொடியைச் சாப்பிட்டேன். மளமளவென்று ஆறியது. பொடி தீர்ந்தது, விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் வெடித்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் தோல் மருத்துவர். உள்ளே சாப்பிடும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது இந்த நோயைக் கிளப்பிவிடும். தொற்று, கர்ப்பம், சில மருந்துகள் ஆகியவையும் கிளப்பும். சிலருக்குக் காரணமே அகப்படாது.

என் அம்மா அதை அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். இரண்டு நாள் வீணாயிற்று. நீங்கள் ஏமாறாமல் இருக்க, அது வரும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் எரிச்சல், மிளகாய் அரைத்த கையால் தேய்த்தது போல. அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்து, தொட்டாலே வலித்தது. சில மணி நேரத்தில் அந்தச் சிவப்பின்மேல் குண்டூசித் தலை அளவில் வெண்மஞ்சள் புள்ளிகள். விளக்கடியில் பார்த்தால் கேழ்வரகை இறைத்தது போல் நெருக்கமாக இருக்கும். அடுத்த நாள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து சீழ்க்குட்டையாகிவிடும். கூடவே குளிர், 103 டிகிரி காய்ச்சல், மூட்டு வலி. இரண்டு மூன்று நாளில் காய்ந்து, பழுப்புநிற ஏடாக உரியும். தீர்ந்தது என்று பாயைச் சுருட்டும்போது அடுத்த அலை வரும். எனக்கு நான்கு அலை வந்தது.

அந்தச் சீழில் கிருமி கிடையாது. வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் எதுவும் வளராது. வெள்ளணுக்கள் தாமாகத் திரண்டு வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஆகவே பிறருக்குத் தொற்றாது. ஆன்டிபயாட்டிக் மட்டும் விழுங்கினால் ஆறாது. ஆனால் உரிந்த தோல் வழியாகக் கிருமி நுழையக்கூடும், அதனால் கொப்புளத்தைக் கிள்ளவே கூடாது.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு, குடித்த தண்ணீர், போன சிறுநீர். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தோல் கிழிந்த உடம்பில் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும், உதட்டைச் சுற்றி மரத்து விரல்கள் இழுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரல் இழுப்பது கால்சியம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. உள்நோயாளியாகச் சேர வேண்டிய நோய் இது.

போகும்போது கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மருந்தின் அட்டையையும், பொடியின் காலிப் பொட்டலத்தையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்து ஒவ்வாமையாலும் இதே போன்ற கொப்புளம் வரும். இரண்டையும் பிரித்தறிய அந்தப் பை உதவும். முதலில் பார்த்த மருத்துவரிடம் நான் பொடியை மறைத்துவிட்டேன், வெட்கத்தால். அவர் தவறான பாதையில் போனதற்கு அவரை எப்படிக் குறை சொல்வது?

வார்டில் என்னை வாழையிலை பரப்பிய கட்டிலில் படுக்கவைத்தார்கள். சாவு வீட்டு நினைப்பு வந்து பதறினேன். புண் ஒட்டாமல் வழுக்குவதற்கும் குளிர்ச்சிக்கும்தான் என்றார் செவிலியர். பருத்தி விரிப்பில் ஒட்டிய தோலைப் பிய்த்தெடுத்த வலி எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு பலமுறை துவைத்து நைந்த வேட்டியும், மருத்துவர் சொன்ன லிக்விட் பாரஃபினும் போதுமாக இருந்தன. மஞ்சள், வேப்பெண்ணெய், படிகாரம் எதுவும் வேண்டாம்.

இந்த நோய்க்குத் தரும் மாத்திரைகளில் இரண்டுக்கு எச்சரிக்கை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. நோட்டில் கிழமையை வட்டமிடுங்கள். அசிட்ரெட்டின் சாப்பிடும் பெண்கள், நிறுத்தி மூன்று ஆண்டு ஆகும்வரை கருத்தரிக்கக் கூடாது. அது சாப்பிட்ட என் போன்றவர்கள் அந்தக் காலம் முழுதும் ரத்ததானமும் செய்யக் கூடாது. ஆண்டுக்கு இருமுறை கொடுத்துவந்த எனக்கு அது சின்ன வருத்தம்.

1910இல் லியோ ஃபான் சும்புஷ் என்ற தோல் மருத்துவர் ஒரே வீட்டில் பிறந்த சகோதர சகோதரியிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். நூறாண்டு கழித்து, 2011இல்தான், சில குடும்பங்களில் இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு பிடிபட்டது. இன்டர்லூக்கின் 36 என்ற அழற்சிச் சமிக்ஞைக்குக் கடிவாளம் இல்லாமல் போவதுதான் அது. அந்தச் சமிக்ஞையை அடைக்கும் ஸ்பெசோலிமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. எனக்கு அது போடவில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆறிய பிறகு ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் முடி கொத்தாக வரும். மறுபடியும் கிளம்பிவிட்டதோ என்று நான் டார்ச் அடித்து அக்குளைப் பார்த்துக்கொண்டேன். சிவப்பு இல்லை. காய்ச்சலில் வாடிய முடிதான், தேதி போட்டு எழுதிவைத்தேன். ஆறாம் மாதம் குட்டை முடி முளைத்ததும் அதே பக்கத்தில் இருக்கிறது.